‘நல்ல’ விடுபட்ட மிளகு

எங்கள் வீட்டு காலிங்பெல் இரண்டு முறை விட்டுவிட்டு அடித்தால் கூரியர். ஒரே முறை, ஆனால் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி அடித்தால்... அது சுபைதா.

போன மாதம், ஓணத்துக்கு முந்தின வாரம், ஒரு காலையில் அப்படித்தான் அடித்தது. கதவைத் திறந்தேன். கன்னத்தில் சுக்குப்பொடி, கையில் செல்போன், கண்ணில் கோபம்.

“அக்கா, இத வாசியுங்கோ.”

வாசித்தேன். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம். தாங்கள் செலுத்திய தொகை ஏழு முதல் பத்து வேலை நாட்களுக்குள் திருப்பி அனுப்பப்படும். மீண்டும் வருக!’

கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு. இருந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டு எதற்காக மீண்டும் வரச் சொல்கிறார்கள்? அடுத்ததையும் ரத்து செய்வதற்கா?

சுபைதாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டாறில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். பிறந்த ஊர் குளச்சல். பி.காம் படித்தவள். வீட்டிலேயே சுக்குக்காப்பிப் பொடி தயாரித்து விற்கிறாள். சுக்கு, மல்லி, சீரகம், ஏலக்காய், கருப்பட்டி, கூடவே கைநிறைய மிளகு. விளம்பரம் என்று பார்த்தால் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும்தான். வாடிக்கையாளர்கள் என்று பார்த்தால் சொந்தக்காரர்கள், நான், ஜலதோஷம் பிடித்த இன்னும் கொஞ்சம் பேர்.

இந்த ஆவணியில்தான் அவளுக்கு முதல்முறையாக ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. திருவட்டாறில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு பாக்கெட் சுக்குக்காப்பிப் பொடி போடலாம் என்று பெண்ணின் அம்மாவுக்கு ஒரு யோசனை. மேலே பெண், மாப்பிள்ளை பெயர் போட்ட லேபிள். கீழே சின்ன எழுத்தில் சுபைதாவின் போன் நம்பர். அந்தச் சின்ன எழுத்துக்காகத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்த அத்தனை வீட்டுக்கும் அந்த நம்பர் போகுமே!

போகும். பொடி சரியாக வந்தால் நல்ல பெயரோடு போகும். வராவிட்டாலோ... நம் மாவட்டத்தில் ஒரு கல்யாணத்தில் குறை என்றால், அந்தச் செய்தி திருவட்டாறிலிருந்து கிளம்பி பஸ்ஸுக்கு முன்னால் முட்டம் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் பொடியில் காசை விழுங்குவது மிளகுதான். அதனால் முதலில் மிளகை வாங்கி உறுதி செய்துவிட்டு, அதன் பிறகுதான் கல்யாண வீட்டுக்கு விலை சொன்னாள். வாங்கியது நாகர்கோவிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஆப்பில். பெயர் வேண்டாம். சொன்னால் அவர்கள் வருந்துவார்கள். ஏற்கெனவே நிறைய வருந்தியிருக்கிறார்கள்.

ஓணத்துக்காகப் புதிதாகத் தொடங்கிய ஆப் அது. அதில் ‘மிளகு’ என்று ஒன்று இருந்தது. அதற்குக் கீழே ‘நல்ல மிளகு – பிரீமியம்’ என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே படம் – கறுப்பாக, உருண்டையாக. ஆனால் பிரீமியத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் வெறும் மிளகின் விலை.

“ரெண்டாந்தரமா இருக்கும்னு நெனச்சேன் அக்கா. எப்படியும் பொடிக்கத்தான போறேன்? பத்து கிலோ போட்டேன். பணமும் கட்டியாச்சு. கன்ஃபர்ம்னு மெசேஜும் வந்துது.”

“விலை ரொம்பக் குறைவா இருக்கேன்னு உனக்குத் தோணலையா?”

“தோணிச்சு. அதுக்காக்கும் கடைக்குப் போன் போட்டது. ‘ஆப்புல மிளகுன்னு போட்டிருக்கே, அந்த விலை சரிதானா’ன்னு கேட்டேன். ஒரு பொம்பள எடுத்து, ‘சரிதான் அக்கா’ன்னு சொன்னா.”

குமரி மாவட்டத்து வாசகர்கள் சிலர் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்... எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

எனக்குக் கடைகளோடு சண்டை போடுவது பிடிக்கும். ஒளிப்பானேன்? எடை குறைந்தால் கேட்பேன். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் கேட்பேன். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாகக் கேட்டவரிடம் நான் பேசிக்கொண்டிருந்ததில் பஸ்ஸே போயிருக்கிறது. வீட்டில் இவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘கன்ஸ்யூமர் கோர்ட்’. சுபைதா பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “கோர்ட் இன்னிக்கு எத்தனை மணிக்குக் கூடுது?” என்றார்.

நான் போனை எடுத்தேன். ஒரு வக்கீல் தோழியிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவள் முதலில் கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. “அது தப்பான விலைன்னு உன் ஆளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஃபிரிட்ஜை ஒரு வாழைக்குலை விலைக்குப் போட்டிருந்தா, பார்க்கிற யாருக்கும் தெரிஞ்சிடும் அது பிழைன்னு. தெரிஞ்சே பாய்ஞ்சு பிடிச்சிட்டு வந்து நியாயம் கேட்டா, பெரும்பாலும் நிக்காது. உன் ஆள் சந்தேகப்பட்டுப் போன் பண்ணிக் கேட்டிருக்கா. கடை சரின்னு சொல்லியிருக்கு. பணத்தையும் வாங்கியிருக்கு. இது வேற மாதிரி.”

“அப்ப ஜெயிச்சிடலாம்?”

“கேட்கலாம்னு சொல்றேன். ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். கடையோட நிபந்தனைகளைப் படிச்சியா? விலையில் பிழைன்னா ரத்து பண்ணுவோம்னு எழுதியிருப்பாங்க. எழுதிட்டதனாலேயே அது வேதம் ஆகிடாது. ரொம்ப ஒருதலைப்பட்சமா இருந்தா, நியாயமில்லாத நிபந்தனைன்னு நுகர்வோர் ஆணையத்துல கேள்வி கேட்க இடம் இருக்கு. வியாபாரத்துக்கு வாங்கினா நீங்க நுகர்வோரே இல்லைன்னு சொல்லிப் பார்ப்பாங்க. பயப்படாதே. சொந்தமா ஒரு தொழில் செஞ்சு அதுலயே பிழைக்கிறவ, அந்தத் தொழிலுக்கு வாங்கினாலும் நுகர்வோர்தான். எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.”

போனை வைத்துவிட்டு, வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஆப்பின் ‘விதிமுறைகள் மற்றும் நிபந்தனைகள்’ பகுதியைத் திறந்தேன். அதை முழுவதும் படித்த முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன். எழுதியவர்கூடப் படித்திருக்க மாட்டார்.

ஒரு வரி இப்படி: ‘விலையில் பிழை இருப்பின், எந்த நிலையிலும் முன்னறிவிப்பின்றி ஆர்டரை ரத்து செய்யும் முழு உரிமை நிறுவனத்துக்கு உண்டு.’

அடுத்த வரி: ‘வாடிக்கையாளர் தவறுதலாகச் செய்த ஆர்டரை ரத்து செய்ய இயலாது.’

அடுத்தடுத்த வரிகள்! நடுவில் ஒரு கமாவின் வெட்கம்கூட இல்லை. நான் தவறினால் அது என் தலையெழுத்து. அவர்கள் தவறினால் அது தவிர்க்க இயலாத காரணம்.

இன்னொன்றும் யோசித்தேன். விலையைக் குறைத்துப் போட்ட பிழை மட்டும் எப்படி உடனே கண்ணில் படுகிறது? ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, கைதவறி உங்களிடம் அதிகம் வாங்கிவிட்டோம், இந்தாருங்கள் மீதி’ என்று எந்தக் கடையிலிருந்தாவது உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கிறதா? எனக்கு வந்ததில்லை.

கிளம்பினோம். சுபைதாவின் ஸ்கூட்டரில், பின்னால் நான். மடியில் ஸ்கிரீன்ஷாட்டுகளின் பிரிண்ட் அவுட். மனதில் முழு வசனம்.

மேனேஜர் மார்த்தாண்டத்துக்காரர். ஏ.சி. அறையில் உட்கார வைத்து, சாயா வரவழைத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டையைத் தொடங்குவது?

“மேடம், அது விலை மாறிப்போச்சு. மிஸ்டேக்காக்கும். எப்படி மாறிச்சுன்னு எங்களுக்கே விளங்கல்ல. ஆப்பு செஞ்சது கோயம்புத்தூர்ல உள்ள ஒரு பையன். விலையெல்லாம் இங்கயிருந்து போன்ல சொன்னதுதான்.”

“போன்ல சரியான விலைன்னு எனக்கும் சொன்னாங்களே” என்றாள் சுபைதா. “அதச் சொன்னது யாரு?”

மேனேஜர் கதவைத் திறந்து, “ஷீபா... ஒண்ணு இங்க வா” என்றார்.

நாற்பது வயதிருக்கும். கடை யூனிஃபார்ம் சேலை. காதில் ஹெட்போன் அழுத்திய தடம். ஆப்பில் வரும் போன்களை எடுப்பது அவர். கோயம்புத்தூர் பையனுக்கு விலைப் பட்டியலை வாசித்துச் சொன்னதும் அவர்தான். சுபைதாவின் குரலைக் கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“அக்கா, நீங்க மிளகுக்க விலை சரியான்னு கேட்டிய. நானும் மொளவுக்க விலையப் பாத்து சரின்னு சொன்னேன். நான் சொன்னது சரிதான?”

“நான் நல்லமொளவுல்லா கேட்டேன்!”

“நல்லமொளவுன்னா நல்லமொளவுன்னு கேக்காண்டாமா?”

“ஆப்புல மிளகுன்னுதான போட்டிருக்கு. அத அப்படியே வாசிச்சேன்!”

மேனேஜர்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மற்ற ஊர் வாசகர்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் மிளகாய் என்பது எங்கள் வாயில் மொளவு. பச்சை என்றால் பச்சமொளவு, வற்றல் என்றால் வத்தல்மொளவு. அப்படியானால் கறுப்பாக, உருண்டையாக இருக்கும் அந்த மிளகு? அது நல்லமொளவு. காலங்காலமாக இருந்தது அதுதான். மிளகாய் பின்னால் வந்தது. வந்தவன் பெயரைப் பிடுங்கிக்கொண்டான். இருந்தவனுக்கு ‘நல்ல’ என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டோம்.

ஷீபா பட்டியலை வாசித்தபோது, “மொளவு” என்று வற்றலின் விலையைச் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூர் பையன், மிளகைத்தான் இந்த ஊரில் இப்படி இழுத்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து ‘மிளகு’ என்று அடித்துவிட்டான். அடுத்து “நல்லமொளவு” என்று இவர் வாசித்ததும், ஓஹோ, இது முதல் தரம்போல என்று முடிவுகட்டி, ‘நல்ல மிளகு’ என்று அடித்து, பக்கத்தில் ‘பிரீமியம்’ என்று தானாகவே ஒரு கிரீடமும் வைத்திருக்கிறான். பாவம், அவனைக் குறை சொல்ல முடியுமா? நல்ல என்றால் நல்ல என்றுதானே எந்த ஊரிலும் அர்த்தம்?

சரி, எனக்கும் சுபைதாவுக்கும் ஏன் புரியவில்லை? நாங்களும் இந்த மண்தானே? யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. வாயால் பேசும்போதுதான் எங்களுக்கு மொளவு. எழுத்தில் ‘மிளகு’ என்று பார்த்துவிட்டால், பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவோம். சுபைதா கண்ணால் பார்த்தது புத்தகத்து மிளகு. ஷீபா காதால் கேட்டது சமையல்கட்டு மொளவு. ஒரே மாவட்டத்துப் பெண்கள் இரண்டு பேர், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இரண்டு வெவ்வேறு பொருளுக்கு விலை பேசி முடித்திருக்கிறார்கள்!

நான்கு பேரும் சிரித்துவிட்டோம். சுபைதாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகு இல்லாமலே.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேனேஜர் சொன்னார். “சரி மேடம். உங்ககிட்ட நியாயம் இருக்கு. பத்து கிலோ தான... ஆப்புல போட்ட விலைக்கே தந்திருவோம். மீதி வித்தியாசத்த ஷீபாவுக்க சம்பளத்துல பிடிச்சுக்கிடுவோம்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதட்டியும் சொல்லவில்லை. மின்கட்டணம் கட்ட வேண்டும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். “இங்க அது வழக்கமாக்கும்” என்று ஒரு விளக்கம் வேறு.

நான் ஷீபாவைப் பார்த்தேன். அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து கிலோவின் வித்தியாசம் என்றால், அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். சிரித்த வாயை மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி நின்றார்.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. ‘நிறுவனம்’ என்று ஒன்றோடு மோதப் போகிறேன் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். என் மனதில் நிறுவனம் என்றால் பெரிய கட்டடம், கண்ணாடிக் கதவு, அகலமான தோள். எவ்வளவு ஏற்றி வைத்தாலும் தாங்கும். ஏற்றி வைத்த சுமை படிப்படியாக இறங்கி, கடைசியில் ஹெட்போன் தடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணின் தலையில் போய் உட்காரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இதற்கு முன்னால் நான் ஜெயித்த சண்டைகள் எல்லாம் எங்கே போய் இறங்கினவோ? தெரியாது. கேட்டதில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அவங்க சம்பளத்துல எப்படிப் பிடிப்பீங்க? அவங்ககிட்ட விளக்கம் கேட்டீங்களா? அதுக்கும் சட்டம் இருக்கு” என்று கத்தினேன்.

மேனேஜர் நிஜமாகவே குழம்பிப்போனார். “மேடம், உங்களுக்கும் தரணும்னு சொல்லுதிய. அவகிட்டயும் பிடிக்கப்படாதுன்னு சொல்லுதிய. அப்பம் நஷ்டம் யாருக்க தலையில?”

“கடைக்க தலையில” என்றாள் சுபைதா. “லாபம் வந்தா அது கடைக்குத்தான? ஷீபாவுக்கா குடுக்கிய?”

மேனேஜர் ஓனருக்குப் போன் போட வெளியே போனார். அந்த இடைவெளியில் சுபைதா என் பக்கம் குனிந்து, “அக்கா, எனக்கு மொளவு விலைக்கு நல்லமொளவு வேண்டாம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “ஏட்டி, என்ன சொல்லுத? அவரே தாரேன்னு சொல்லியாச்சு. விட்டுக் குடுக்கவா நாம இவ்வளவு தூரம் வந்தோம்?”

“தெரியாம வாங்குனப்பம் அது வியாபாரம். என்ன நடந்துதுன்னு இப்பம் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்ச பெறவும் அதே விலைக்கு வாங்குனா...” அவள் கண்ணால் எதிரே காட்டினாள். ஷீபா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கையில் இவ்வளவு பிரிண்ட் அவுட்டை வைத்துக்கொண்டு இறங்கிப் போவதா? ஆனால் சுபைதா இறங்கிப் போகவில்லை. மேனேஜர் திரும்பி வந்ததும் அவள் பேசிய பேச்சில், நான் பின்னால் உட்கார்ந்து வந்தவள் மட்டும்தான் என்று எனக்கே விளங்கிவிட்டது.

பத்து கிலோ மிளகு இன்றே வேண்டும், கல்யாணம் நெருங்கிவிட்டது. கடை கொள்முதல் செய்த விலைக்குத் தர வேண்டும், கடைக்கு அதில் லாபமும் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம். கட்டிய பணம் இப்போதே திரும்பி வர வேண்டும், ஏழு நாள் பத்து நாள் கதையெல்லாம் கூடாது. ஓனர் போனிலேயே இதற்கெல்லாம் சம்மதித்துவிட்டார். அதன் பிறகு சுபைதா கேட்டதுதான் மேனேஜருக்குப் புரியவில்லை.

“எனக்கு வந்த மெசேஜ மாத்தி அனுப்பணும்.”

“அது கம்ப்யூட்டர் தானா அனுப்பதுல்லா?”

“அப்பம் இந்தத் தடவ மனுஷரு அனுப்பட்டு. தவிர்க்க இயலாத காரணம்னு ஒண்ணும் கெடையாது. தப்பு கடைக்கதுன்னு எழுதுங்கோ. எனக்கதும் இல்ல, ஷீபாவுக்கதும் இல்ல. கடைக்கது.”

அப்போதுதான் எனக்குச் சூட்சுமம் புரிந்தது. பிழை எங்களுடையது என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அதை ஷீபாவின் பிழை என்று சொல்லிச் சம்பளத்தில் கை வைக்க முடியுமா? பி.காம்.காரி!

மேனேஜர் தன் போனை எடுத்தார். பிறகு அவரே விரலால் தட்டினார். சுபைதாவின் போன் கிணுகிணுத்தது. ‘எங்கள் நிறுவனத்தின் பிழையால் தங்கள் ஆர்டர் ரத்தானது. ஊழியர் எவரும் இதற்குப் பொறுப்பல்ல. மன்னிக்கவும்.’ சிரிக்கும் பொம்மை இல்லை.

பணம் சாயா ஆறுவதற்குள் வந்துவிட்டது. அப்படியானால் அந்த ஏழு முதல் பத்து வேலை நாட்கள் எதற்கு? எதிரில் ஆள் வந்து உட்காராதவர்களுக்காக இருக்கும்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் காலடியில் மிளகு மூட்டை. மணம் மூக்கைத் துளைத்தது. எனக்கு மனசு ஆறவில்லை. கடையின் கொள்முதல் விலையும் குறைவில்லையே. சுபைதா கணக்குப் போட்டதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கணக்கை வைத்துத்தானே கல்யாண வீட்டுக்கு விலை சொன்னாள்?

“திருவட்டாறுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லேன். பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னா, அவங்களுக்குப் புரியாமலா போகும்?” என்றேன்.

வடசேரி சிக்னலில் வண்டி நின்றது. ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்தாள்.

“அப்பம் நானும் ஒரு மெசேஜ் அனுப்பட்டா அக்கா? ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, தவிர்க்க இயலாத காரணங்களால்’னு?”

காலையிலிருந்து நான் எதை அநியாயம் என்று கத்திக்கொண்டிருந்தேனோ, அதையே செய்யும்படி அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன்! வாங்குகிற நாற்காலியிலிருந்து எழுந்து விற்கிற நாற்காலியில் உட்கார்ந்ததும், எவ்வளவு சீக்கிரம் நமக்கும் காரணங்கள் தவிர்க்க இயலாதவை ஆகிவிடுகின்றன?

அவள் புனிதவதி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். வறுத்து, அரைத்து, சலித்து, பாக்கெட் போட்டு முடிக்கும்வரை புலம்பித் தீர்த்தாள். “இந்தக் கல்யாணத்துல எனக்கு மிஞ்சுனது தும்மல் மட்டும்தான் அக்கா” என்றாள். ஆனால் சொன்ன நாளில், சொன்ன விலைக்கு, லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகள் திருவட்டாறு போய்ச் சேர்ந்தன. பெண்ணின் அம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்கிறாள் சுபைதா.

அந்தப் பாக்கெட்டைப் பார்த்து வேறு கல்யாண ஆர்டர் வந்ததா என்று கேட்பீர்கள். இதுவரை இல்லை. மூன்று பேர் போன் பண்ணி விலை மட்டும் விசாரித்திருக்கிறார்கள். இந்த முறை விலை சொல்வதற்கு முன்னால் மிளகு வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள்.

உங்களுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்தால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காரணம் கேளுங்கள். நேரில் போக முடிந்தால் போங்கள், ஆணையம் வரைக்கும் போக வேண்டுமென்றால் அதற்கும் தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கூடுதலாகக் கேட்டுவிட்டு வாருங்கள் – இதை யார் தலையில் எழுதப் போகிறீர்கள் என்று. நான் இத்தனை வருஷம் கேட்காமல் வந்திருக்கிறேன்.

சம்பள நாளன்று ஷீபா எனக்குப் போன் பண்ணினார். “பிடிக்கல்ல அக்கா. முழுசும் கெடச்சுது” என்றார். கூடவே, “ஆப்பத் தொறந்து பாருங்கோ” என்றும் சொன்னார். குரலில் ஒரு சின்னக் கர்வம்.

திறந்து பார்த்தேன். ‘வத்தல் மிளகு’ – சிவப்பாக ஒரு படம். ‘நல்ல மிளகு’ – கறுப்பாக ஒரு படம். பிரீமியம் கிரீடத்தைக் காணோம். கோயம்புத்தூர் பையனைப் போனில் பிடித்து, ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்த வைத்தது ஷீபாதானாம்.

அந்தச் சந்தோஷத்தில் அப்படியே கீழே இறங்கி, நிபந்தனைகளையும் ஒரு தடவை பார்த்தேன். அதே இரண்டு வரிகள். அடுத்தடுத்து, அதே இடத்தில்.

பட்டியலில் ‘நல்ல’ சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது... நிபந்தனைகளில்தான் இன்னும் காணோம்!